இருபத்திரண்டு படங்களில் ஒரே கோடு

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு மூத்த மாப்பிள்ளை எழுதிக்கொள்வது.

இங்கு உங்கள் பெரிய தங்கை நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் சௌக்கியமா, புது வீட்டுச் சுவரெல்லாம் நன்றாகக் காய்ந்துவிட்டதா, மாடிக் குழாய் ஒழுகுவது நின்றதா என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். குறிப்பாகக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டீர்களா என்று அறிய மிகவும் ஆவல். இன்னும் அடிக்கவில்லை என்றால், தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு அடிக்கவும்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நீங்கள் என்னிடம் போனில் பேசுவது சராசரியாகப் பதினோரு நிமிடம். என் சகலை டாக்டரிடம் பேசுவது இருபத்தேழு நிமிடம். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு, ஒரு வண்டி உள்ளே வந்தாலும் சரி, ஒரு பேச்சு முடிந்தாலும் சரி, கண் தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடும். டாக்டரிடம் பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், டாக்டர் சம்சாரம் சின்னவள் தன் அக்காவிடம் சொல்கிறாள், "அண்ணன் இவர்கிட்ட அரை மணி நேரம் பேசினாருக்கா, கொஞ்சம்தான் குறைச்சல்" என்று. அரை மணியில் கொஞ்சம் குறைச்சல் என்றால் இருபத்தேழுதானே. நான் சொல்லவந்த விஷயம் பதினோரு நிமிடத்தில் அடங்காது, அதனால்தான் கடிதம்.

உங்களுக்குத் தங்கை இரண்டு பேர், மாப்பிள்ளை இரண்டு பேர். நான் உங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருடம் கழித்துத்தான் என் சகலை வந்தார். ஆனால் அவர் பல் டாக்டர். ஆகவே உங்கள் வீட்டில் அவர் 'டாக்டர் மாப்பிள்ளை', நான் 'அவரு'. கை வைத்த நாற்காலி அவருக்கு, கை இல்லாத நாற்காலி எனக்கு. இதிலெல்லாம் எனக்கு வருத்தமே கிடையாது. வருத்தம் எப்போது வந்தது என்றால், ரிடையர் ஆனதும் பொழுது போக வேண்டுமே என்று நான் ஒரு பழைய டெலஸ்கோப் வாங்கி, அதன் பின்னால் கேமராவை மாட்டி, வானத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு மூன்றே மாதத்தில் டாக்டரும் ஒன்று வாங்கினார். என்னுடையதை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறலாம். அவருடையதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். போதாததற்கு நீங்கள் புது வீடு கட்டிவிட்டு, "ஆண்ட்ரோமீடான்னு ஒரு நட்சத்திர மண்டலம் இருக்காமே, சாய்ச்சு வெச்ச தட்டு மாதிரி, அதை எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை, ரெண்டு பேர்ல யார் படம் நல்லா வருதோ அதைக் கூடத்துல மாட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, போனில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தப் படம் ஒரு தடவை அமுக்கினால் வந்துவிடுகிற படம் இல்லை மச்சான். மூன்று மூன்று நிமிடமாகக் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துத் தனித்தனியாகப் பல படம் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், அப்போதுதான் அந்த மங்கல் வெளிச்சம் சேர்ந்து சேர்ந்து கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தனிப்படத்திலும் குப்பை இருக்கும். ஒன்றில் செயற்கைக்கோள் குறுக்கே போன வெள்ளைக் கோடு. இன்னொன்றில் விமானம், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு போவதால் தையல் போட்ட மாதிரி ஒரு வரிசை. கேமரா சூடாவதால் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். எதிர் வீட்டுக்காரர் குளியலறை விளக்கைப் போட்டால் ஓரத்தில் ஒரு மஞ்சள் மூட்டம். நூறு படம் இருந்தால் கவலையில்லை. அடுக்குகிற சாஃப்ட்வேர், தொண்ணூற்றொன்பது பேர் பார்க்காத கோட்டை நீ மட்டும் எப்படியப்பா பார்த்தாய் என்று கேட்டு அந்த ஒருத்தனைத் தள்ளிவிடும். ஆனால் இந்தத் தடவை மேகம் விடவில்லை. எனக்குத் தேறியது பத்தொன்பது படம். ஆள் குறைந்தால் ஓட்டெடுப்பில் தகராறு வந்துவிடுகிறது, பாதிக் கோடு போகும், பாதி தழும்பாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் தனியாகத் திறந்து, பெரிதாக்கி, கோடு போன இடத்தை மறைத்து, இந்த இடத்தில் என் சாட்சியை எடுத்துக்கொள்ளாதே, மற்றப் படங்களைக் கேட்டுக்கொள் என்று கையாலேயே சொல்லிவைக்க வேண்டும். டாக்டருக்குத் தேறியது இருபத்திரண்டு. அதே வானம், அதே மேகம். அவர் மாடிக்கு மேல் வரும்போது மட்டும் மேகம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போகும் போலிருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் துடைக்க உட்கார்ந்தேன். உங்கள் தங்கை முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்த ஸ்லைடு பார்த்தவள், இப்போதும் செவ்வாய் வியாழன் காலையில் தெருமுனைக் கிளினிக்குக்குப் போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கறிகாய்ப் பையோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"குப்பையைத் துடைக்கறேன்."

"இப்ப நீங்க துடைச்சது குப்பை இல்ல. நட்சத்திரம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஓரத்தைப் பாருங்க. நட்சத்திரம்னா ஓரம் மெல்லக் கரையுது. கேமராப் புள்ளின்னா கத்தரிச்ச மாதிரி நிக்குது. சாயத் துணுக்குக்கும் ரத்த அணுவுக்கும் இதே வித்தியாசம்தான். கொஞ்சம் நவுருங்க."

அந்த 'நவுருங்க'வோடு என் நாற்காலி போயிற்று. அதற்குள் நான் நாலு நட்சத்திரத்தை அழித்திருந்தேன், அவள் நாலையும் திரும்பக் கொண்டுவந்தாள். இரண்டே நாளில் பத்தொன்பது படத்தையும் துடைத்து வைத்துவிட்டாள். சரி, கட்டின பெண்டாட்டிதானே, நமக்காகச் செய்கிறாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை சரியாக ஒரு வாரம் இருந்தது.

ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது கம்ப்யூட்டரில் என் படத்தைத் தேடினேன். பக்கத்திலேயே 'சின்னவ' என்று ஒரு ஃபோல்டர். சின்னவள் குழந்தைகள் போட்டோவாக இருக்கும் என்று திறந்தால், உள்ளே ஆண்ட்ரோமீடா. என்னுடையது இல்லை. என்னுடையதில் தட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும், இது நடுமத்தியில் கொலு வைத்த மாதிரி இருக்கு. டாக்டருடைய இருபத்திரண்டு படம் மச்சான். என் வீட்டு மேஜையில், என் வீட்டுக் கரண்டில், என் பெண்டாட்டி உட்கார்ந்து அவர் படத்துக்குக் குப்பை பொறுக்கிக்கிட்டு இருக்கா. அதோடு விட்டேனா, ஒவ்வொரு படமும் எத்தனை மணிக்குச் சேமிச்சதுன்னு பக்கத்திலேயே நேரம் போட்டிருந்தது. அந்த நேரத்தைப் பார்க்காம நான் எப்படி இருப்பேன். என் படத்துக்கு ஒண்ணுக்கு நாலு நிமிஷம். அவர் படத்துக்கு ஒண்ணுக்கு ஒன்பது நிமிஷம். நாலு எங்கே, ஒன்பது எங்கே. அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை.

மூணு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன். அவ கவனிச்ச மாதிரியே தெரியலை, அதனால நானே கேட்டேன்.

"டாக்டருக்குக் கையில்லையா, அவர் படத்தை அவர் துடைக்க மாட்டாரா?"

"பாவம், பகலெல்லாம் அடுத்தவங்க வாயைக் குனிஞ்சு பார்த்துட்டு வர்றாரு. சாயங்காலம் கண்ணு அசந்து போயிடுதாம். சின்னவ கேட்டா, செஞ்சு குடுத்தேன். உங்ககிட்ட சொன்னா இப்படி ஆகும்னுதான் சொல்லலை."

"எப்படி ஆகும்?"

"இப்படித்தான்."

"அவருக்கு ஒன்பது நிமிஷம், எனக்கு நாலு நிமிஷம்."

"அவர் ஊர் நடுவுல இருக்காரு, குப்பை ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டு அவ துணி காயப்போடப் போயிட்டா. பதில் நியாயமான பதில்தான். நியாயமான பதில் மாதிரி எரிச்சல் மூட்டறது வேற ஒண்ணும் கிடையாது.

இனிமே எழுதப்போறதை உங்க துணைவியாருக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம். திங்கட்கிழமை அவ வேலையை முடிச்சு, டாக்டர் படத்தையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டு, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வெச்சிருந்தா, வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகலாம்னு. செவ்வாய்க்கிழமை காலையில அவ கிளினிக்குக்குக் கிளம்பினா. நான் கதவைச் சாத்திட்டு வந்து அந்தப் பென் டிரைவைச் செருகினேன். செயற்கைக்கோள் கோடு எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும், எத்தனை நாளா அதோட மல்லுக்கட்டறேன். அழிக்கத் தெரியாட்டி என்ன, வரையத் தெரியாதா. ஒரு படத்துல மட்டும் போட்டா சாஃப்ட்வேர் தள்ளிடும், அதனால இருபத்திரண்டுலயும் போடணும். போட்டேன். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் பன்னிரண்டு இருபதுக்கு எழுந்தேன், முதுகு கழண்டு போச்சு. சரியா வந்திருக்கான்னு நானே அடுக்கிப் பார்த்தா, கோட்டையே காணோம். வானம் நகர்றதால ஒவ்வொரு படமும் இம்மி இம்மி தள்ளி இருந்திருக்கு, நான் போட்ட கோடும் இருபத்திரண்டு இடத்துல போய் விழுந்திருக்கு, சாஃப்ட்வேர் இருபத்திரண்டையும் ஒண்ணொண்ணா வெளியே தள்ளிடுச்சு. கெட்டது பண்றதுக்குக்கூட எவ்வளவு துல்லியம் வேணும் பாருங்க மச்சான்.

நல்ல மனுஷனா இருந்தா அதோட விட்டிருக்கணும். வியாழக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ரெண்டு நட்சத்திரத்தை அடையாளம் வெச்சுக்கிட்டு, இருபத்திரண்டு படத்துலயும் இந்த நட்சத்திரத்துல ஆரம்பிச்சு அந்த நட்சத்திரத்துல முடியற மாதிரி, ஒரே கனத்துல, ஒரே வெளிச்சத்துல கோடு இழுத்தேன். என் படத்தை நான் ஒரு நாளும் அவ்வளவு சிரத்தையா கவனிச்சது கிடையாது. அடுக்கிப் பார்த்தேன். ஆண்ட்ரோமீடா வயித்துக்குக் குறுக்கே பளிச்சுனு ஒரு கோடு, பைபாஸ் ரோடு போட்ட மாதிரி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாலு நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் வாசல்ல அவ சாவி திருப்பற சத்தம் கேட்டுது. பென் டிரைவைப் பழைய இடத்திலேயே வெச்சுட்டு, செய்தித்தாளைப் பிரிச்சு வெச்சுக்கிட்டேன். தலைகீழா இருந்துச்சு, திருப்பி வெச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை அவ அதைக் கைப்பையில போட்டுக்கிட்டுப் பத்து அஞ்சு பஸ்ல போயிட்டு வந்தா.

சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் போன். இவ அடுப்படியில நின்னு பேசறா, நான் கூடத்துல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவ பேசறதுதான் எனக்குக் கேக்குது, அந்தப் பக்கம் கேக்கலை.

"கோடா? எல்லாப் படத்துலயுமா? இருடி, பார்க்கறேன்."

வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, அவ வெச்சிருந்த பிரதியை ஒவ்வொண்ணா பார்த்தா. அதுல எங்கே கோடு இருக்கும், நான் கை வெச்சது பென் டிரைவ்ல இல்லையா.

"என்கிட்ட இருக்கறதுல ஒண்ணும் இல்லையே. ம். ம். எத்தனை நாளா? சரி, நான் சொல்றதைக் கேளு. எல்லாப் படத்துலயும் தெரியுதுன்னா கோளாறு படத்துல இல்லடி, பார்க்கற கண்ணுல. லேப்ல மொத நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. இன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. திங்கட்கிழமை பார்க்கலாம்னு சொன்னாருன்னா கேக்காதே."

மச்சான், 'அது நான் போட்ட கோடு' அப்படிங்கறது நாலு வார்த்தை. சொல்லி முடிக்க ரெண்டு செகண்டு ஆகும். வாயைத் திறந்தேன், சத்தியமாத் திறந்தேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான், "மாடித் தொட்டியில தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டு மேலே போயிட்டேன். தொட்டி நிறையத் தண்ணி இருந்துச்சு. முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஒண்ணுமில்லாத கண்ணை டார்ச் அடிச்சுப் பார்க்கப் போறாங்க, அந்த மனுஷன் பயந்து நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு, கண்ணு போச்சுன்னா பல் டாக்டருக்குத் தொழில் ஏது, சின்னவ எப்படி அழுதுக்கிட்டு இருக்காளோ, எல்லாம் என் ஒரு கோட்டால. கீழே இறங்கிச் சொல்லிடலாம்னு நாலு படி இறங்குவேன், மறுபடி ஏறிடுவேன்.

சாயங்காலம் அஞ்சு நாற்பதுக்குப் போன் வந்துச்சு. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். விழித்திரை ஓரத்துல நிஜமாவே ஒரு கிழிசல். இன்னும் பத்து நாள் விட்டிருந்தா திரை மொத்தமா உரிஞ்சு வந்திருக்கும், அப்புறம் அந்தக் கண்ணு திரும்பி வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாங்களாம். அன்னிக்கே லேசர் வெச்சு ஓரத்தை ஒட்டிட்டாங்க. இவ போனை வெச்சுட்டு, நாற்காலியில உட்கார்ந்து, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. நான் பொய்யாப் போட்ட கோட்டுக்குப் பின்னாடி ஒரு நிஜமான கிழிசல் உட்கார்ந்திருந்திருக்கு. நான் ஒருத்தன் படத்தைக் கெடுக்கப் போய் அவன் கண்ணைக் காப்பாத்தியிருக்கேன். நல்லது பண்ணணும்னு நினைச்சு நான் பண்ணினது ஒண்ணும் இந்த லட்சணத்துல பலிச்சது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். டாக்டர் தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாரு, ஒரு கண்ணுல கறுப்புக் கண்ணாடி. சுத்தி ஏழு பேர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"ரெண்டு மூணு வாரமாவே கண்ணு ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டிக்கிட்டுதான் இருந்துச்சு அண்ணே. தூக்கக் குறைச்சல்னு விட்டுட்டேன். அந்தக் கோடு மட்டும் தெரியாம இருந்திருந்தா நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன். அந்தக் கோட்டை என் கண்ணுல காட்டினது எந்தப் புண்ணியமோ."

நான் வாய் தவறி, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க"ன்னு சொல்லிட்டேன். நல்லவேளை, அடக்கமா ஆறுதல் சொல்றேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.

மச்சான், ஒருத்தன் உசுரைக் குடுத்து வேலை பார்த்து, ரெண்டு நாள் காலையில முதுகு கழள உட்கார்ந்து, ஒரு மனுஷன் கண்ணைக் காப்பாத்தியிருக்கான், அவனுக்கு ஒரு நன்றி கிடையாது. கேக்கவும் முடியாது. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனப்ப நீங்க நலம் விசாரிச்சது ஆறு நிமிஷம். டாக்டர்கிட்ட ஞாயிற்றுக்கிழமை நீங்க பேசினது நாற்பத்தோரு நிமிஷம், நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், அந்த அறையில சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே. கண்ணுல நோவு வந்ததுலயும் அவரே ஜெயிச்சுட்டாரு. அதோட முடிஞ்சுதா, போனை வெச்சதும் எல்லாரும் எழுந்து வெளியே போன பிறகு என்னை மட்டும் நிறுத்தி வெச்சு ஒண்ணு சொன்னாரு.

"அண்ணே, மச்சான்கிட்ட சொல்லிட்டேன். உங்க படத்தையே கூடத்துல மாட்டச் சொல்லி."

"ஏன், உங்க படத்துக்கு என்ன?"

"என் படத்துல என்ன இருக்கு, எல்லாம் மெஷின் பண்ணினது. உங்களைப் பார்த்தா எனக்கு ரொம்ப நாளாவே ஒரு இது அண்ணே. பொறாமைன்னே வெச்சுக்கங்க. நான் மாடியில தனியா நின்னு எடுக்கறேன், கீழே வந்தா எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க. எடுத்ததை யார்கிட்டயும் காட்ட முடியாது. உங்க வீட்டுக்கு ஒரு நாள் வந்தப்ப பார்த்தேன், நீங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில, ஒரே மவுஸுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை."

என்னைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படறாருன்னு என் அறுபத்து மூணு வயசுல இப்பதான் மொத மொத கேள்விப்படறேன். அதை அனுபவிக்க விட்டாரா. நான் பொறாமைப்பட்டா கோடு போடறேன், அவர் பொறாமைப்பட்டா விட்டுக்குடுக்கறாரு. இதுலயும் அவர் எனக்கு ஒரு படி மேலேதான் நிக்கறாரு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பஸ்ல ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டே வந்தேன், பக்கத்துல இருந்தவர் ஏதாவது கேட்டுடப் போறாருன்னு.

ஆகவே மச்சான் அவர்களே, மேற்படி காரணங்களை முன்னிட்டுத் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில், என்னுடைய படத்தை எக்காரணம் கொண்டும் தங்கள் கூடத்தில் மாட்ட வேண்டாம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. டாக்டருடைய படத்தையே நடுச்சுவரில் மாட்டவும். அந்த இருபத்திரண்டு படங்களிலும் நான் போட்ட கோட்டை நானே உட்கார்ந்து, ஒரு படத்துக்கு ஒன்பது நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு, துடைத்துக் கொடுக்கிறேன். இந்த விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். உங்கள் தங்கைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள், அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு கேவலமான ஒருவன் மூத்த மாப்பிள்ளையாக வாய்த்ததற்குத் தாங்கள் வருத்தப்படாமல், வயதில் பெரியவர் என்ற முறையில் ஒரு வரி கோபமாகவாவது எழுதினால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறும்.

புது வீட்டில் குறைவில்லாமல் எல்லா நலனும் பெற்று, தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்க விரும்பாத
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டு வருவதற்குள், உங்கள் தங்கை இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வியாழக்கிழமை சாயங்காலமே பார்த்துட்டேன். எதையும் கையை விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்காம நான் அனுப்ப மாட்டேன், ரிப்போர்ட்டா இருந்தாலும் சரி. உங்க கோட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, நல்ல படத்தைத்தான் திரும்பப் போட்டு எடுத்துட்டுப் போனேன். அவர் உங்க கோட்டைப் பார்க்கவே இல்ல."

"அப்ப அவர் பார்த்த கோடு?"

"அது கறுப்பு. நூல் மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு, கண்ணைத் திருப்பினா கூடவே வருதுன்னு சின்னவ சொன்னா. அதனாலதான் அன்னிக்கே போகச் சொன்னேன். நீங்க போட்டது வெள்ளை, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். பத்து நாளாச்சு."

ஆக மச்சான், நான் யார் படத்தையும் கெடுக்கவில்லை, யார் கண்ணையும் காப்பாற்றவில்லை. மேலே எழுதியிருக்கும் எதற்கும் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தகுதி இல்லை என்று எழுதிய வரியை அடித்துவிடவும். என் படத்தைத் தாராளமாக மாட்டலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அவள் இன்னொன்றும் சொன்னாள். நான் ஞாயிற்றுக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போயிருந்தபோது என்னுடைய பத்தொன்பதையும் அவருடைய இருபத்திரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அடுக்கி, திங்கட்கிழமையே பிரிண்ட் போட்டு உங்களுக்குப் பார்சல் அனுப்பிவிட்டாளாம். "தனித்தனியா ரெண்டுமே சுமார்தான். சேர்த்தாதான் தேறுச்சு" என்கிறாள். எனக்கு ஒரு பிரதி காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. அதில் என் வெளிச்சம் எது, டாக்டர் வெளிச்சம் எது என்று காலையிலிருந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிரிக்க முடியவில்லை. நீங்கள் கண்டுபிடித்தால் தயவுசெய்து எனக்கு மட்டும் எழுதவும்.